தனிய விட்ட பின்னேரம்

அந்தப் பிள்ளை நியமனக் கடிதத்தோடு வந்து நின்ற காலையில், நான் பன்னிரண்டு நாளாக ஓய்வு நாள் எடுக்காமல் வேலை செய்துகொண்டிருந்தேன். கால் இரண்டும் வீங்கிச் சப்பாத்துக்குள் போக மறுத்தன. சப்பாத்தின் பின்பக்கத்தை மடித்து மிதித்துக்கொண்டுதான் வாட்டுக்குள் நடந்தேன். அவள் குனிந்து அந்தச் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "வணக்கம் அக்கா" என்றாள்.

தீவுப் பகுதியில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரி அது. பெயர் எழுத விருப்பமில்லை. அங்கே வேலை செய்த பலர் இன்னும் இருக்கிறார்கள். ஆண்கள் வாட்டு ஒன்று, பெண்கள் வாட்டு ஒன்று, பிள்ளைப்பேற்று அறை ஒன்று, காலையில் சனம் நிரம்பி வழியும் மருந்து கொடுக்கிற மண்டபம் ஒன்று. இவ்வளவுக்கும் நேர்ஸ்மார் மூன்று பேர். அதிலும் ஒருத்தி பிரசவ லீவில் நின்றாள். மற்றவள் கொழும்புக்கு மாற்றம் கேட்டு எழுதிவிட்டு, பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்தபடி வேலை செய்தாள். மிச்சம் நான். பதினாறு வருட சேவை. அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே ஒரு நேர்ஸும் இல்லை. அதனால் எல்லாரும் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், அந்தப் பதவி எனக்குக் கிடைத்திருக்கவில்லை என்றாலும்.

புதிதாக வந்த பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. ஊர் நெடுந்தீவு. தகப்பன் மாடு வளர்ப்பவர். யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்து, மூன்று வருடப் பயிற்சியும் முடித்து, முதல் நியமனம் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிடைத்திருந்தது. அவளுடைய பரீட்சைப் புள்ளிகளை டொக்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லாம் நல்ல புள்ளிகள்.

எங்கள் டொக்டர் அதிகம் பேசாத மனிதர். தீவுக்கு என்று அனுப்பப்பட்டு, திருப்பி எடுக்க ஆளில்லாமல் நாலு வருடமாக அங்கேயே இருந்தவர். அவர் அன்று எனக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னார். "சிஸ்டர், இந்தப் பிள்ளையை ஆறு கிழமைக்குத் தனிய விட வேண்டாம். பின்னேர வேலையிலும் ஆறு மணி மட்டும் நீங்கள் கூட நில்லுங்கோ. முதலிலை வந்ததுகள் ஓடினது மாதிரி இதுவும் ஓடினால் எங்களுக்கு ஆளில்லை."

முதலில் வந்ததுகள் என்று அவர் சொன்னது இரண்டு பேரை. ஒருத்தி நாலு மாதத்தில் சவூதிக்குப் போனாள். மற்றவள் ஒரு நாள் மருந்துக் குளிசைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கழுவுகிற இடத்தில் நின்று அழுதாள். அடுத்த நாள் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஏன் அழுதாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரம் இருக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

டொக்டர் சொன்னதற்குத் தலையாட்டினேன். ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள். பின்னேரம் ஆறு மணி வரைக்கும். எனக்கு வீடு பாலத்துக்கு அங்காலை, யாழ்ப்பாணத்தில். என் அவர் அரபு நாட்டில் டிறைவராக இருந்தார். பதினொரு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டால் பக்கத்து வீட்டில் போய் இருப்பார்கள். கடைசி பஸ் மூன்றரைக்கு வரும் என்று பேர், சில நாள் மூன்று மணிக்கே போய்விடும். ஆமி இருந்த கோட்டைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் வரவே வராது. பஸ் தவறினால் ஆஸ்பத்திரி விடுதியில் படுக்க வேண்டும். பிள்ளைகள் இரவு முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் கிழமை நான் டொக்டருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். மூன்று நாள் விடுதியில் படுத்தேன். மற்ற நாட்களில் மருந்து லொறியிலும், ஒரு முறை மீன் வானிலும் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும். ஊசி போடுகிற கை நிதானமான கை. கட்டுப் போட்டால் அவிழாது. மருந்துகளின் பெயரும் அளவும் என்னை விட நன்றாக மனதில் நின்றன. அவளுக்கு வராத விஷயம் வேறு. அதை நான் முதல் கண்டது ஒரு நெடுந்தீவு ஐயா வாட்டில் இருந்தபோது.

அந்த ஐயாவுக்குக் காலில் புண். நாளுக்கு இரண்டு தரம் ஊசி. அவள் தட்டை எடுத்துக்கொண்டு கிட்டப் போனதும் அவர் எழும்பி இருந்து, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அந்தக் கிணத்தடி வீட்டுக் கடைக்குட்டி எல்லே? உன்னை நான் தோளிலை தூக்கித் திரிஞ்சனான். நீ எனக்கு ஊசி போடுறதோ? போ, போய்ப் பெரிய மிஸ்ஸியை வரச் சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். நானும் சிரித்துக்கொண்டே போய் அவருக்கு ஊசியைப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. அவளை நிற்கச் சொல்லி, அவள் கையாலேயே போடுவித்திருக்கலாம். அதற்கு ஐயாவோடு பத்து நிமிடம் கதைக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நெடுந்தீவில் இருந்து வந்து படுத்த ஒவ்வொருவரும் அவளைக் கடைக்குட்டி என்றே கூப்பிட்டார்கள். தண்ணீர் கொண்டுவா, யன்னலைச் சாத்து, என்ர மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தா. அவள் எல்லாம் செய்தாள். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. அற்றெண்டன் அண்ணையும் அவளை, மற்ற நேர்ஸ்மாரைப் போல மிஸ்ஸி என்று கூப்பிடாமல், தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

அந்த அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். டொக்டர் இல்லாத காலங்களில் வெட்டுக்காயம் தைத்தவர், பாம்பு கடித்தவர்களைத் தோளில் சுமந்து படகு ஏற்றியவர். எத்தனையோ உயிர் அவருடைய கையால் மிஞ்சியது. நான் புதிதாக வந்த நாட்களில் எனக்கும் அவர்தான் சாமான் எங்கே இருக்கிறது என்று காட்டித் தந்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் ஒன்று சொன்னால் மறுத்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வராது.

பத்தாம் நாள். அவளுக்குப் பின்னேர வேலை. நான் காலை ஏழு மணியில் இருந்து நின்றேன். மத்தியானத்துக்கு மேலே மீன் விற்கிற ஒரு மனுஷியைக் கொண்டுவந்தார்கள். அறுபது வயது இருக்கும். இரண்டு நாளாக வாந்தியும் வயிற்றோட்டமும். கண் குழி விழுந்து, நாக்குக் காய்ந்துபோய்க் கிடந்தா. அந்த மனுஷிக்கு இருதயம் பலவீனம் என்று பழைய மருந்துச் சீட்டில் எழுதியிருந்தது. டொக்டர் பார்த்து, சேலைன் ஏற்றச் சொன்னார். மெதுவாக ஏற்ற வேண்டும், இருதயம் தாங்காது என்று இரண்டு தரம் சொன்னார். அவள் துளிகளை எண்ணிக் குழாயில் இருந்த கிளிப்பைச் சரிபண்ணினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியாக இருந்தது.

மூன்று மணிக்குக் கோட்டைப் பக்கம் இரண்டு சத்தம் கேட்டது. தூரத்துச் சத்தம்தான். சின்னவனுக்கு அன்று காலையில் காய்ச்சல் காய்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தேன். வெளியே வந்து பார்த்தால் பஸ் நிற்கிறது. இதுதான் கடைசி, இனிப் பாலம் பூட்டினாலும் பூட்டுவாங்கள் என்று சாரதி சொன்னார்.

உள்ளே போய் அவளிடம், "பிள்ளை, நான் போறன். எல்லாம் சரியாய்த்தான் கிடக்குது. ஏதும் எண்டால் லேபர் ரூமிலை மருத்துவிச்சி அக்கா நிக்கிறா" என்றேன். அவள், "ஓம் அக்கா, போங்கோ. சின்னவனுக்குக் காய்ச்சல் எல்லே" என்றாள். டொக்டர் அந்த நேரம் தன் விடுதியில் இருந்தார். அவரிடம் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினேன். ஏறி இருந்ததும் நித்திரையாகிவிட்டேன். பாலம் கடந்தது எனக்குத் தெரியாது.

நடந்ததை அடுத்த நாள் மருத்துவிச்சி அக்காதான் சொன்னா. நான் போய் ஒரு மணித்தியாலத்தில் அற்றெண்டன் அண்ணை வாட்டுக்குள் வந்திருக்கிறார். அந்த மனுஷியைப் பார்த்து, இது இப்படிக் காய்ந்து கிடக்கிறது, நீ துளித் துளியாய் விட்டுக்கொண்டு நிற்கிறாயே என்று சொல்லிக் கிளிப்பை நன்றாகத் திறந்துவிட்டிருக்கிறார். வாந்திபேதிக் காலத்தில் அப்படித் திறந்துவிட்டுத்தான் அவர் சனத்தைக் காப்பாற்றினவர். இவளுக்கு அது பிழை என்று தெரியும். கிட்டப் போய் நின்றிருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் அங்காலே போன பிறகு குறைக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். அவர் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து, அந்த மனுஷியின் மகளோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போத்தல் முடிகிற நேரம் மனுஷிக்கு மூச்சு முட்டியது. எழும்பி இருந்து வாயால் மூச்சு இழுத்தா. அப்போதுதான் இவள் ஓடி மருத்துவிச்சி அக்காவைக் கூட்டிவந்தாள். அந்த அக்கா சேலைனை நிறுத்தி, தலையணைகளை அடுக்கி மனுஷியை இருத்திவிட்டு, டொக்டருக்கு ஆள் அனுப்பினா. அவர் ஓடி வந்து ஊசி போட்டு, ஒக்சிஜன் கொடுத்து, மனுஷிக்குச் சிறுநீர் போய் மூச்சு இறங்கும் மட்டும் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மனுஷி தப்பினா. மயிரிழையில்.

காலையில் டொக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள், நான், மருத்துவிச்சி அக்கா. அற்றெண்டன் அண்ணை விறாந்தையில் நின்றார், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். டொக்டர் சத்தம் போடவில்லை. கிளிப்பை யார் திறந்தது என்று கேட்டார்.

"நான்தான் டொக்டர்" என்றாள் அவள்.

"எவ்வளவு வேகத்திலை விடச் சொன்னனான் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகு ஏன்?"

அவள் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் லேபர் ரூமிலை நிண்டிருப்பீங்கள் சிஸ்டர். எல்லா இடத்திலும் உங்களாலை நிக்க ஏலாது" என்றார்.

அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்காகப் பதிலைத் தானே சொல்லிவிட்டார். நான் வாயைத் திறந்து இல்லை என்று ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. மருத்துவிச்சி அக்கா என்னைப் பார்த்தா, பிறகு யன்னலைப் பார்த்தா. அந்தப் பிள்ளை தலை நிமிரவே இல்லை. பதினாறு வருடம் வேலை செய்த நானும் இருபத்தைந்து வருடம் வேலை செய்த அவரும் பேசாமல் நிற்க, பத்து நாள் வேலை செய்த பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றது. டொக்டர் அவளிடம், நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்த கடுதாசியில் என் பெயரும் இல்லை, அண்ணையின் பெயரும் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு அவளுக்கு ஓய்வு. நெடுந்தீவுக்குப் போனாள். திங்கள் வரவில்லை. செவ்வாய் மத்தியானம் ஒரு படகுக்காரர் வந்து எனக்கு ஒரு கடிதம் தந்தார். தனக்கு இந்த வேலை ஏலாது என்றும், டொக்டரிடம் சொல்லி விலக்கிவிடச் சொல்லியும் நாலு வரி. கையெழுத்து அழகாக இருந்தது. கடிதத்தை டொக்டரிடம் கொடுக்காமல் கைப்பைக்குள் வைத்தேன்.

அந்தக் கிழமை எனக்கு ஒரு ஓய்வு நாள் கிடைத்தது, புதன்கிழமை. வீட்டில் ஒரு கிழமை உடுப்புத் தோய்க்காமல் குவிந்து கிடந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் வாய் புண்ணாகி ஒன்றும் சாப்பிடவில்லை. படுத்தால் எழும்ப மாட்டேன் என்று தெரிந்தது. படுக்காமல் அவளைத் தேடி நெடுந்தீவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை. அவள் மேலே இருந்த இரக்கம் மட்டும் இல்லை. அவள் போய்விட்டால் வாட்டில் நானும், பெட்டி கட்டின மற்றவளும்தான் மிச்சம் என்ற பயமும் இருந்தது.

குறிகட்டுவான் துறையில் இருந்து படகு. சோளகக் காற்றுக் காலம். ஒன்றரை மணித்தியாலம் படகு ஏறி ஏறி விழுந்தது. நான் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். எதிரில் இருந்த மனிதர் தன் மாட்டுக்கு வாங்கிய பிண்ணாக்குச் சாக்கை எனக்குச் சாய்ந்து இருக்கத் தந்தார். இறங்கி நின்றபோது கால் தரையில் நிற்கவில்லை. ஒருவரிடம் கேட்டு, வெயிலில் இரண்டு மைல் நடந்தேன். இரண்டு பக்கமும் கல்லை அடுக்கிய மதில்கள். ஒரு மரநிழல் இல்லை.

அவள் கிணற்றடியில் மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் வாளியை விட்டுவிட்டாள். தாய் வந்து, உள்ளே கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுப் பால் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனா. போகும்போது, வந்ததில் இருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை, என்ன நடந்தது என்று எங்களுக்கும் சொல்லுகிறாள் இல்லை என்று எனக்கு மெதுவாகச் சொன்னா.

நான் கதிரையில் இருக்காமல் கிணற்றடிக்கே திரும்பிப் போனேன். கிணற்றுக் கட்டின் மேல் இருந்தேன். அவள்தான் பேசத் தொடங்கினாள்.

"அக்கா, அண்ணை கிளிப்பைத் திறக்கேக்கை அது பிழையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான். தெரியாமல் செய்திருந்தால் படிச்சுப்போட்டுத் திரும்பி வரலாம். தெரிஞ்சு வாய் திறக்காமல் நிண்டதுக்கு நான் எதைப் படிக்கிறது?"

பதினாறு வருட வேலையில் ஒருவரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளுக்குச் சொல்ல என்னிடம் பாடம் ஒன்றும் இருக்கவில்லை. இருந்ததைச் சொன்னேன்.

"டொக்டர் கேட்ட நேரம் நானும் தெரிஞ்சுகொண்டுதான் வாய் திறக்காமல் நிண்டனான்."

"ஓம்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உம்மைத் திரும்பி வாரும் எண்டு கேக்க எனக்கு முகமில்லை. நாளைக்குக் காலமை டொக்டரிட்டை நடந்ததைச் சொல்லப் போறன். நீர் வந்தாலும் வராட்டிலும் சொல்லுவன். உம்மட கடிதம் என்ர பையுக்கை கிடக்குது. அதைக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு நீர் சொல்லும்."

அவள் வாளியை எடுத்துத் தொட்டிக்குள் தண்ணீரை ஊற்றினாள். ஒரு மாடு குடித்து முடித்து விலகியது, மற்றது வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த மீன் விற்கிற அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டாள். நேற்று எழும்பி நடந்தா, நாளைக்கு வீட்டுக்குப் போவா என்றேன். அப்போதுதான் அழுதாள். சத்தம் இல்லாமல், நின்றபடி, இறைத்துக்கொண்டே அழுதாள். தாய் கொண்டுவந்த தேத்தண்ணியை நான் குடித்தேன். படகுக்கு நேரமாகிவிட்டது. கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழன் காலையில் டொக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நான் மூன்று மணிக்கே போனதைச் சொன்னேன். நான் இல்லாத நேரம் அற்றெண்டன் அண்ணை கிளிப்பைத் திறந்ததையும் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். அவருக்கும் என்னைப் போலவே நித்திரை இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"இதை நான் எழுதி அனுப்பினால் உங்களை இஞ்சையிருந்து எடுப்பாங்கள்" என்றார். "அண்ணையையும் எடுப்பாங்கள். பிறகு நான் ஆரோடை இந்த இடத்தை நடத்திறது?"

அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்த கடுதாசியை எடுத்துக் கிழித்தார். எனக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மனம் கொஞ்சம் இலேசாகி இருக்கும். அப்படியே திரும்பி வாட்டுக்கு வந்து படுக்கை விரிப்புகளை மாற்றினேன்.

அற்றெண்டன் அண்ணையிடமும் நானே போய்ச் சொன்னேன். டொக்டருக்குத் தெரியும் என்று சொன்னேன். அந்த மனுஷிக்கு இருதயத்தில் வருத்தம் என்று தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றார். அது உண்மை. ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் வந்தாள். படகு பிந்தியது, அதுதான் நேரம் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். வெள்ளை உடுப்பில் உப்புத் தண்ணி பட்டுக் காய்ந்திருந்தது. பையில் இருந்த கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து என் வாழ்க்கையில் ஒரு மாற்றம் செய்தேன். அதை மாற்றம் என்று சொல்லுவதா, இன்னொரு சுமை என்று சொல்லுவதா தெரியவில்லை. என் மச்சாளை, என் அவருடைய தங்கச்சியை, எங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லிக் கேட்டேன். அவளுக்கு விருப்பமில்லை, ஆனாலும் வந்தாள். ஆறு கிழமையும் நான் அந்தப் பிள்ளையோடு நின்றேன். வேலை முடிந்த பிறகு உடுப்பு அடுக்குகிற அறையில் அரை மணித்தியாலம் இருப்போம். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டி வந்தது, திறந்தீரா?

முதல் நாட்களில் இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. சொல்லியிருக்க வேண்டிய சொல்லை எனக்குச் சொல்லிக் காட்டச் சொன்னேன். நான்தான் அண்ணை, நான்தான் நெடுந்தீவு ஐயா, நான்தான் டொக்டர். வெட்கத்தில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவாள். எனக்கு இடையில் நித்திரை தூங்கும். ஒரு நாள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே விரிப்புக் கட்டின் மேல் தலை வைத்து உறங்கிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் அவள் என் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாலாம் கிழமை என்று நினைக்கிறேன். ஆண்கள் வாட்டில் ஒருவருக்குச் சேலைன் போய்க்கொண்டிருந்தது. அற்றெண்டன் அண்ணை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், பழக்கத்தில் கிளிப்பில் கை வைத்தார். நான் வாட்டின் மறு தலைப்பில் நின்றேன். போகக் கால் எடுத்துவிட்டு நின்றேன்.

"அண்ணை, அதிலை கை வையாதேங்கோ" என்றாள் அவள். கிட்டப் போய் நின்றாள். "டொக்டர் சொன்ன அளவுதான் போகுது. கூட்ட வேணுமெண்டால் நான் அவரிட்டைக் கேட்டுப்போட்டுக் கூட்டுறன்."

வாட்டில் கிடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை அவளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் கையை எடுத்தார்.

"சரி மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டுக் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அன்று பின்னேரம் உடுப்பு அறையில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் பாண் சாப்பிட்டோம்.

அவளுக்குப் பிறகு வேறு பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருத்தியோடும் அப்படி நின்றேன் என்று எழுத விருப்பம்தான். உண்மை அப்படி இல்லை. சிலரோடு ஆறு கிழமை நின்றேன். ஒருத்தியோடு நாலு நாள்தான், அதற்குள் சண்டை தொடங்கி வாட்டு நிரம்பிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போனார்கள். பழக்கி எடுத்து, கை பழகிய நேரம் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வீட்டுக் கூரையே என் அவருடைய அரபு நாட்டுக் காசில் போட்டதுதான்.

அந்த நெடுந்தீவுப் பிள்ளை இரண்டரை வருடம் நின்றாள். பிறகு தன் ஊருக்கே மாற்றம் கேட்டு எழுதினாள். அங்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டர் நிரந்தரமாக நிற்பதில்லை. நேர்ஸ் என்று போனால் அவள் ஒருத்திதான். நான் வேண்டாம் என்று சொன்னேன். அங்கே கேட்க ஆளில்லை, எல்லாரும் உம்மைக் கடைக்குட்டி என்பார்கள் என்றேன். தெரியும் அக்கா என்றாள். சொன்னால் கேட்கிற பிள்ளையாகத்தான் வந்தவள். இப்போது கேட்கவில்லை. அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. அவள் இடத்துக்கு இன்னொருத்தியைத் தொடக்கத்தில் இருந்து பழக்க வேண்டுமே என்ற வெறுப்பு.

அதற்குப் பிறகு நெடுந்தீவில் இருந்து படகில் வருகிற நோயாளியின் கையில் ஒரு கடுதாசித் துண்டு இருக்கும். எத்தனை மணிக்கு என்ன மருந்து, எவ்வளவு, கொடுத்த பிறகு எப்படி இருந்தது, எல்லாம் அந்த அழகான கையெழுத்தில். வாசித்துவிட்டு அப்படியே வேலையைத் தொடங்கலாம். திரும்ப ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை.

பிறகு சண்டை தீவுக்குள்ளேயே வந்து, நாங்கள் தீவை விட்டு வரவேண்டி வந்தது. ஆஸ்பத்திரி வெறுமையாகியது. டொக்டர் எங்கேயோ, அற்றெண்டன் அண்ணை எங்கேயோ. நான் பிள்ளைகளோடு தென்மராட்சிப் பக்கம் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கரும்பலகைக்குக் கீழே கட்டில்கள். மூன்று மாதம் பழகிய பிள்ளைகள் நேர்ஸ் வேலை செய்தார்கள். நெடுந்தீவுக்கும் எங்களுக்கும் இடையில் போக்குவரத்து நின்றுவிட்டது. அவள் அங்கேயே நிற்கிறாள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, போய்விட்டாள் என்று இன்னொருவர் சொன்னார்.

ஒரு வருடத்துக்கும் மேலே கழித்து, பல கை மாறி ஒரு கடிதம் வந்தது. ஓரம் எல்லாம் நைந்து போயிருந்தது. அங்கேதான் நிற்கிறாள். சுகமாக இருக்கிறாள். தாய்க்குக் கண் தெரிவது குறைந்துவிட்டது. தன்னிடம் இருந்த கடைசிக் காய்ச்சல்மானி உடைந்துவிட்டது, கையை நெற்றியில் வைத்துத்தான் பார்க்கிறாள், ஏலுமென்றால் ஒன்று அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாள். என்னிடம் நாற்பது கட்டிலுக்கு இரண்டு இருந்தன. கடிதம் கொண்டுவந்த மனிதர் வாசலில் நின்றார், உடனே திரும்ப வேண்டும் என்றார். ஒன்றைத் துடைத்து, பஞ்சில் சுற்றி, வெறும் மருந்துப் பெட்டிக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தேன். கூட நாலு வரி எழுத நினைத்தேன். உள்ளே வேலை பழகுகிற ஒரு பிள்ளை அக்கா என்று கூப்பிட்டது, போய்விட்டேன்.